முப்பத்தோராம் நாள்

கூட்டுத்தொகையில் ஒன்று கூடுதலாக வந்தது.

சாலை விபத்துப் புள்ளிவிவரப் பிரிவில் பதினோரு வருடமாக அவளுக்கு இதே வேலை. நடந்து போனவர், சைக்கிளில் போனவர், இருசக்கர வாகனத்தில் போனவர் என்று செத்தவர்களை வயது வாரியாகக் கட்டங்களில் போட வேண்டும். திங்கட்கிழமை அறிக்கை போயாக வேண்டுமென்று சனிக்கிழமை மதியம் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி கரகரத்தது, மழை ஈரம் ஏறிய கோப்புகளின் புழுங்கல் வாடை அறை முழுக்கக் கனத்துக் கிடந்தது. படிவங்களை மூன்று முறை எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. திரையில் நானூற்றுப் பதின்மூன்று.

கூடுதல் ஆள் இருசக்கர வாகனக் கட்டத்தில் இருந்தார். வயது நாற்பத்தொன்று.

அந்தக் கட்டத்தில் வந்திருக்க வேண்டிய ஒருவரின் படிவத்தை, 'கணக்கில் சேராது' என்று எழுதி அவளே ஒதுக்கியிருந்தாள். விபத்து நடந்து முப்பது நாளுக்குள் செத்தால்தான் கணக்கு. அவள் கணவர் ஒரு நாள் அதிகமாக மூச்சு விட்டுவிட்டார்.

அதிகாரியைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், ஒண்ணு கூட வருது."

"எடுத்துடும்மா. போன வருஷத்தத் தாண்டக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கு சார்."

"அவரு அப்பவே கணக்குல வரலயேம்மா. விதின்னா விதிதான்."

எடுத்தாள். நானூற்றுப் பதினாறு ஆயிற்று. மறுபடி எடுத்தாள். நானூற்று இருபத்தொன்பது. புழுங்கல் வாடை போய், தீவிர சிகிச்சைப் பிரிவின் மருந்து வாடை அடித்தது. வெளியே நடைவழியில் ஒரு கால் ஊன்ற, இன்னொரு கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் ஊன்றுகோல். அதற்கும் பின்னால் குழந்தைச் செருப்பின் கீச்சொலி.

மின்விசிறி நின்றது.

கதவு திறந்தது.

பதினோரு வருடமாக அவள் ஒதுக்கியவர்கள் வயது வாரியாக நின்றார்கள். முன்னால் சீருடையில் ஒரு சிறுமி. கடைசியில் தலையில் கட்டுடன் ஒரு கிழவர். நடுவில் அவள் கணவர். தொண்டையில் குழாய் செருகிய ஓட்டை. பேச்சு அதன் வழியாகத்தான் வந்தது.

"இன்னைக்கு எத்தனாவது நாள்?"

'கணக்கில் சேராது' என்று தான் எழுதியது நினைவுக்கு வந்தது.

"முப்பது."

வரிசை ஓர் அடி உள்ளே வந்தது.