இருநூற்றுப் பத்தில் ஒரு திருடன்

“படுத்த படுக்கையில, விரலைக்கூட அசைக்காம திருடனைப் பிடிச்சவன் நான். பிடிச்சது என் நெஞ்சு!”

பழைய துறைமுகத்து டீக்கடையில் சங்குக்கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி இப்படித் தொடங்கியதும் நாலு பேர் எழுந்தார்கள்.

“உக்காருங்கலே... கேளுங்க.”

போன மாதம் அவர் கடைப் பெட்டியிலிருந்து நெல்லிக்காய் அளவு முத்து களவு போனது. (அவர் சொன்ன அளவு, தேங்காய்.)

“அஞ்சு பேர் மேடம். முகத்துக்கு முகம் நின்னு அடிச்சேன்,” என்று இன்ஸ்பெக்டர் ஈவாஞ்சலினுக்கு எழுதிக் கொடுத்தார்.

சாவி வைத்திருந்த கடை ஆள் லிங்கராஜ் லாக்கப்புக்குள் போனான்.

களவு நடந்த நாளிலிருந்து அண்ணாச்சியின் இதயம் நினைத்தபோதெல்லாம் தறிகெட்டு ஓடியது.

ஆஸ்பத்திரி. தொடை வழியாக இதயத்துக்குள் மெல்லிய ஒயர்கள். திரையில் இதயத்தின் வண்ண வரைபடம். கோளாறு கிளம்பும் புள்ளியைத் தேடி, ஒயர் நுனியால் சூடு வைக்க வேண்டும்.

ஆனால்... கோளாறு கிளம்பினால்தானே!

எழுபத்திரண்டு. நிமிடத்துக்கு அவ்வளவுதான், இதயம் சமத்தாகத் துடித்தது.

டாக்டர் ஜெயபிரியா மருந்து ஏற்றினார். ஒயரால் தூண்டினார். ம்ஹூம்.

கண்ணாடிக்கு வெளியே ஈவாஞ்சலின், கையில் காகிதத்தோடு. மைக்கில் கேட்டார்.

“அண்ணாச்சி, அஞ்சுல ஒருத்தன் லிங்கராஜ்தான? ‘ஆமா’ன்னு சொல்லிருங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா சாட்சி போயிரும்.”

“அவன் இல்ல மேடம்.”

“அப்ப யாரு?”

அண்ணாச்சி நெளிந்தார்.

“அசையாதீங்க சார், மேப் கலைஞ்சிரும்,” என்றார் டாக்டர்.

நர்ஸ் ஸ்டெபியும் சொல்லிப் பார்த்தாள். நெளிவு நிற்கவில்லை.

“சொந்தக்காரரைச் சொல்லச் சொல்லுங்க!” என்றார் டாக்டர்.

மச்சினன் செந்தூர்பாண்டி ஓடி வந்தான். ஒரு வாரமாக ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கும் தங்கமான மச்சினன். மைக்கைப் பிடித்தான்.

“அசையப்பிடாது... மூச்சு விடப்பிடாது.”

பீப்... பீப்... பீப்பீப்பீப்!

இருநூற்றுப் பத்து!

“வந்துட்டு! மேப் எடுங்க!”

புள்ளி சிக்கியது. சுட்டார் டாக்டர். மறுபடி எழுபத்திரண்டு.

“மேடம்...” மேஜையிலிருந்து அண்ணாச்சி முனகினார். “களவு அன்னிக்குக் கேட்ட அதே பேச்சு. அதே குரல். திருடன் இவன்தான்.”

ஈவாஞ்சலின் சிரித்துவிட்டார். “நெஞ்சு சாட்சி சொல்லுதாக்கும்? ஏ பாண்டி, இன்னொருக்கா சொல்லும்.”

சொன்னான்.

எழுபத்திரண்டு. ஒரு துடிப்பு கூடவில்லை.

“இனி எமனே கூப்பிட்டாலும் ஓடாது. அந்த இடத்தைச் சுட்டாச்சு,” என்றார் டாக்டர்.

இருந்த ஒரே சாட்சியும் கருகிவிட்டது! லிங்கராஜ் கதி..?

செந்தூர்பாண்டிக்குப் போன உயிர் திரும்பியது. “பாத்தியளா மேடம்? அத்தானுக்குப் பிரமை. கோணிச்சாக்குக்குள்ள தலை மாட்டிக் கிடந்த மனுசனுக்கு எவன் குரல்னு என்ன தெரியும்?”

“சாக்கா?” ஈவாஞ்சலின் மெதுவாகத் திரும்பினார். “முகத்துக்கு முகம்னுல்லா அண்ணாச்சி எழுதியிருக்காரு. சாக்கு எங்கேந்து வந்துச்சு?”

செந்தூர்பாண்டியின் கண் வாசல் பக்கம் போனது.

மேஜையிலிருந்து ஈனக் குரல். “...சாக்குதான் மேடம். ஒரே ஆளுதான். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

முத்து, அண்ணாச்சியின் வார்டு கட்டிலுக்கு அடியிலேயே, மச்சினன் கொண்டுவந்த மக்ரூன் டப்பாவில் இருந்தது. லிங்கராஜ் சாயங்காலமே வெளியே வந்தான்.

டீக்கடையில் எவரும் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

“மேடம், இவரு சொல்லுதது நெசமா?”

ஈவாஞ்சலின் டீயை வாங்கிக்கொண்டார்.

“நானும் நம்பலதான். ஆனா என் கண்ணு முன்னாடி நடந்துச்சு.”

அண்ணாச்சி மீசையை முறுக்கினார்.

“அந்த மிச்ச நாலு பேரைத்தான் இன்னும் தேடிக்கிட்டிருக்கோம்.”