சிலுவை வைத்த இட்லி

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்தும் ரோஸ்லி டீச்சரின் முதல் கேள்வி கடவுளைப் பற்றியதாக இருக்காது. வாசலிலேயே நின்று, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். சாப்பிடாத பிள்ளைக்கு அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் வரும்.

தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில், மலையாளம் தெரியாமல் வாயே திறக்காத ஸ்நேஹா முதலில் பதில் சொன்னதும் அந்தக் கேள்விக்குத்தான். "இட்லி" என்றாள்.

இப்போது டீச்சர் வாசலில் நிற்பதில்லை. போன மாதம் அவருடைய அம்மா இறந்துவிட்டார். பாடம் நடத்துகிறார், பேசாமல் போய்விடுகிறார். வகுப்பையே விட்டுவிடுவாரோ என்று ஸ்நேஹா பயந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனும் நெருங்கியது. அன்று கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் பெசகா அப்பம் செய்வார்கள். சாவு நடந்த வீட்டில் மட்டும் அந்த வருடம் செய்ய மாட்டார்கள். பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். டீச்சரின் தெருவிலோ வேறு கிறிஸ்தவ வீடே இல்லை. யார் கொடுப்பார்கள்?

ஸ்நேஹா அம்மாவை நச்சரித்தாள்.

"எனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதே புள்ள" என்றார் அம்மா. அரிசியும் உளுந்தும் அரைத்து ஆவியில் வேகவைப்பதுதான் என்று ஸ்நேஹா சொன்னதும் அவருக்குத் தைரியம் வந்தது. வழக்கம்போல அரைத்து, ராத்திரி முழுக்க மூடி வைத்துவிட்டார்.

வியாழன் மாலை அப்பம் இட்லிபோலப் புசுபுசுவென்று பொங்கியிருந்தது. அதன்மேல் வைத்த குருத்தோலைச் சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பாத்திரத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஸ்நேஹாவுக்கு அவர் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. பெசகா அப்பம் புளிக்கவே கூடாது. அவள் நின்றுவிட்டாள். திரும்பிவிடலாமா? திரும்பினால் டீச்சருக்கு இந்த அப்பமும் கிடைக்காது. பயந்துகொண்டே போய்க் கதவைத் தட்டினாள்.

டீச்சரின் கண்கள் சிவந்திருந்தன.

"தப்பாயிட்டு டீச்சர். மாவு புளிச்சுப்போச்சு."

டீச்சர் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்தார். ஸ்நேஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?"

"ஒண்ணும் கழிக்கல மோளே" என்று, எதுவும் சாப்பிடவில்லை என்பதைத் தன் மலையாளத்தில் சொன்ன டீச்சர் அழுதுவிட்டார். பிறகு பாத்திரத்தைத் திறந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பத்தைப் பிட்டு ஸ்நேஹாவுக்குக் கொடுத்து, தானும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அடுத்த வகுப்பன்று டீச்சர் வாசலில் நின்றிருந்தார்.

"காலையில எந்தா ஸ்நேஹா?"

"இட்லி டீச்சர்."

"சிலுவை வெச்சதோ, வெக்காததோ?" என்றார் டீச்சர்.