கறையில்லாத இதயம்

இரண்டாவது இதயமும் தேங்காய் அளவில்தான் வந்தது.

உயிரச்சு இயந்திரத்தின் கண்ணாடித் தட்டில் அது ரோஜா நிறத்தில் பளபளத்தது. டாக்டர் ஜெபமணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தக்குழாய் நுழைய ஓர் ஓட்டைகூட இல்லை. கொழுக்கட்டை மாதிரி மொழுமொழுவென்று மூடிக் கிடந்தது.

"இத வச்சு நான் என்னம்மா பண்றது? கொலுவுல வைக்கவா? உள்ள தலைவர் நெஞ்சத் திறந்து போட்டிருக்கேன். பம்பு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல கடவுள் விட்ட வழி."

செங்கமலம் தன் திரைக்குத் திரும்பினாள். அச்சுக்கூடத்தின் தலைமைப் படமாற்றுநர் அவள். உடலை வருடும் கருவி, இதயத்தை அப்பளம் அப்பளமாக அரிந்ததுபோல் ஆயிரக்கணக்கான புள்ளிப்படங்களைத் தரும். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் 'மாற்றி' அவற்றை அச்சு அடுக்குகளாக்கும். வெளிச்சப் புள்ளிக்குச் சதை, இருட்டுப் புள்ளிக்கு வெற்றிடம். நாட்டில் பாதிப் பேர் இப்படி அச்சடித்த ஈரலோடுதான் நடமாடுகிறார்கள்.

அடித்த வரியை மறுபடி படித்தாள்: மாற்று வாகைமாறன்-இதயம் --அச்சு. எல்லாம் சரி. தலைவர் பெயரும் சரி. பெயரைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது.

ஒளிகூட்டி!

விழாப் பதாகைகளுக்காக அவளே எழுதிய நிரல். தலைவர் பெயர் தாங்கிய எந்தப் படம் வந்தாலும் அதை ஒன்றரை மடங்கு பெரிதாக்கும், இருட்டை வெளுக்கும், கறையைத் துடைக்கும், பள்ளத்தை நிரப்பும். அதற்காகத் தலைவர் கையாலேயே பொன்னாடையும் 'படச்செம்மல்' பட்டமும் வாங்கியவள் அவள். பட்டத்தைக் கதவில் பித்தளையில் பொறித்தும் வைத்திருந்தாள். நாட்டின் எல்லா மாற்றிகளிலும் ஒளிகூட்டி ஓட வேண்டும் என்று அன்று மேடையிலேயே சட்டம் ஆனது. இதயத்தின் ஓட்டைகள் படத்தில் கறுப்பாகத்தானே இருக்கும்? நிரல் விசுவாசமாகத் துடைத்துவிட்டது. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப அத அணைச்சுத் தொலைங்க!" என்று கத்தினார் தலைவரின் செயலர் கனகசபை.

"அணைக்கணும்னா தலைவர் கையெழுத்து வேணும் சார்."

"அவரு நெஞ்சு திறந்து கெடக்காரும்மா!"

"அதான் சார்."

உள்ளே பம்பு களக் களக்கென்றது.

"வேற பேர்ல அடிச்சா ஒளிகூட்டி தொடாது" என்றாள் செங்கமலம். "உங்க பேர்ல அடிக்கவா சார்?"

கனகசபை ஓரடி பின்வாங்கினார். "என் பேரா? பேர் சதையோட சேந்து அச்சாகும்ல? தலைவர் நெஞ்சுக்குள்ள கனகசபைன்னு இருந்தா, ஆட்சியப் பிடிக்கப் பாக்குறேம்பானுங்க. டாக்டர் பேரப் போடுங்க."

"என் பேர்ல ஏற்கெனவே ஒண்ணு என் நெஞ்சுக்குள்ள ஓடுது" என்றார் ஜெபமணி. "சீக்கிரம்!"

செங்கமலம் காத்திருப்போர் வரிசையைத் திறந்தாள். முதல் பெயர் சடையன். மூட்டை தூக்குபவர். முறைப்படி இன்று அவருக்குத்தான் இதயம். ஆனால் போன வாரமே வார்டு வாசலில் செத்துப்போனார். செத்தவர்களை வரிசையிலிருந்து எடுக்கும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை.

தலைவரின் படங்களுக்கு அந்தப் பெயரை இட்டு அடித்தாள்: மாற்று சடையன்-இதயம் --அச்சு.

இந்த முறை கைப்பிடி அளவில், மங்கலாய், ஓட்டைகளோடு, அழகே இல்லாத ஓர் இதயம் வந்தது. ஜெபமணி அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினார்.

தலைவர் கண் விழித்தது பொது வார்டில். படுக்கைக்கு மேலே ஒரு மின்விசிறி கிரீச்சிட்டது. நெஞ்சின் 'சடையன்' முத்திரையைப் படித்த கட்டில், தானாகவே உருண்டு அங்கே போய் நின்றிருந்தது. முகம் ஏமாற்றும், உறுப்பே சாட்சி. கதவும் கட்டிலும் கையெழுத்துப் பலகையும் உடலில் அச்சான பெயரை மட்டுமே நம்ப வேண்டும். அதுவும் அவர் போட்ட சட்டம்தான்.

"கனகசபை! என்னய்யா இது அநியாயம்?"

கைகட்டி, முதுகு வளைந்து, கனகசபை நடந்ததைச் சொன்னார்.

"உங்க பேர்லயே அச்சடிச்சு மாத்திடலாங்கய்யா" என்றாள் செங்கமலம். "ஆனா ஒளிகூட்டி ஓடினா மறுபடி தேங்காதான் வரும். அத ரத்து பண்ணி ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா..."

"கொண்டா இப்படி!"

பலகையில் தலைவர் தன் புகழ்பெற்ற கையெழுத்தைச் சுழற்றினார். பலகை அவர் நாடியைத் தொட்டு, ஒரு கணம் யோசித்து, இனிமையாகப் பேசியது.

"சடையன், உங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. உங்கள் கோரிக்கை மனுவாக ஏற்கப்பட்டது. மாண்புமிகு தலைவர் வாகைமாறன் அவர்களின் நேரடிப் பார்வைக்கு அனுப்பப்பட்டுள்ளது. காத்திருக்கவும்."

செங்கமலம் தரையைப் பார்த்தாள். கனகசபையின் முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அது நிமிரக்கூடியது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அவர் நாற்காலி தேடினார். கிடைக்காததால், கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கவலப்படாதப்பா சடையா. தலைவரு ஒவ்வொரு மனுவையும் தானே உக்காந்து படிப்பாரு. நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது."

தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். உள்ளே அது ஒழுங்காகத் துடித்தது.

"படிக்க மாட்டாருய்யா" என்றார்.