கொக்கின் கழுத்து

காலையில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன கொக்கின் கழுத்து, மத்தியானம் வந்து பார்த்தபோது இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பழைய கணினிகளின் பச்சைத் தகடுகளை இறகு இறகாக வெட்டி, செத்துப்போன செல்போன்களின் திருகாணிகளால் முடுக்கி, ஆள் உயரத்துக்கு அவள் செய்துவந்த கொக்கு அது. கழுத்துக்குத் தடித்த செம்புக் கம்பியைப் பின்னியிருந்தாள். இரண்டு கையாலும் அழுத்தி வளைத்தால்தான் அசையும். வெயிலுக்கு இளகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி நிமிர்த்தினாள். வெளியே மூன்று நாளாக வெயிலே இல்லை. சன்னல் கண்ணாடியில் மழைநீர் வழிந்தபடி இருக்க, மூடிய அறைக்குள் ஈயம் உருகிய வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் மெல்லக் கசிந்தது. நெடுநாள் படுக்கையில் கிடந்த உடம்பின் வாடை. அம்மாவின் கட்டிலைப் பக்கத்து அறையிலிருந்து அப்புறப்படுத்தி மாதங்கள் ஆகியிருந்தன.

கொக்கைக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக அண்ணன் வேனோடு வந்தான். அம்மா பக்கவாதத்தில் கிடந்த இரண்டு வருஷத்தில் இரண்டே முறை எட்டிப் பார்த்தவன்.

"என்ன பாப்பா, கழுத்தை அம்மா மாதிரியே சாய்ச்சு வச்சிருக்கே?"

திரும்பினாள். சாய்ந்துதான் இருந்தது.

"அம்மா கழுத்து எந்தப் பக்கம் சாயும்னு உனக்குக்கூடத் தெரியுமா?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா? உன்ன மாதிரி யாரால பாத்துக்க முடியும்? தூக்கத்துலயே போயிட்டாங்க. கொடுத்து வச்சவங்க." டீ போட்டுக்கொள்ள அவன் சமையலறைக்குப் போனான்.

தூக்கத்தில் போகவில்லை. அம்மாவின் கையில் ஒரு பொத்தான் கொடுத்திருந்தாள். அழுத்தினால் இந்த அறையில் மணி அடிக்கும். அன்றைக்கு, இதே கொக்கின் சிறகைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது, அது பதினோரு முறை அடித்தது. எழுந்து மணியின் பேட்டரியைக் கழற்றி வைத்தாள். ஒரே ஒரு மத்தியானம், நிம்மதியாக வேலை பார்க்க. சாயங்காலம் போனபோது அம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. விரல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிறகு மணியையும் பொத்தானையும் உடைத்து, துண்டுகளைக் கொக்கின் நெஞ்சுக்குள் வைத்து மூடிவிட்டாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காகத்தான்.

இப்போது அந்த நெஞ்சுக்குள் ஏதோ உரசியது.

வெட்டி எறிந்துவிடலாம். கம்பி வெட்டும் குறட்டை எடுத்தாள். கழுத்தைப் பிடித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுக்க முடியவில்லை. கம்பிகளுக்குள் மூச்சு ஏறியது. இறங்கியது. சளி கட்டிய குரல்.

"த... த்த..."

தண்ணீர் என்ற சொல்லில் அம்மாவுக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "பாப்பா," அண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "அங்க யாரு?"

குறடு விழுந்தது. மேசையில் அவள் குடித்த மிச்சத் தண்ணீர். பசை கலக்கும் கரண்டி. நிரப்பினாள். திறந்த அலகுக்குள் வார்த்தாள்.

ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

செம்புக் கழுத்துக்குள் மிடறு இறங்கியது. மெதுவாக. இன்னொரு முறை.

அலகு மறுபடி திறந்தது. அகலமாக. உள்ளே, ஈரமாக, ஒரு நாக்கு.