பெட்டிக்குள் ஒரு ஹலோ!

டெலிபோன் அலறியது.

பட்டறையில் பெட்டிக்காரர் ஒரு மரப்பெட்டியைச் சங்கிலியால் விளாசிக்கொண்டிருந்தார். போன வாரம் பிறந்த பெட்டி. மாலைக்குள் அதற்கு நூறு வயது ஆகியாக வேண்டும்!

'பழைய ராணுவப் பெட்டிகள் புதுப்பித்துத் தரப்படும்' என்றது வாசல் போர்டு. உண்மைதான். ஆனால் கைக்குக் கிடைத்த பழைய பெட்டி ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துச் செய்து, அசல் என்று தலையில் கட்டியவை ஏராளம்.

"என்னங்க... போன் அடிக்குது!"

"நீ எடேன். நானும்தானே அடிச்சிட்டிருக்கேன்!"

மனைவி பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். பெட்டிகளில் வெள்ளை எழுத்தில் படைப்பிரிவு எண் போடுவது அவள் டிபார்ட்மெண்ட்.

"நேத்து மாதிரி ராங் நம்பரா இருக்கும். எவனோ ஒருத்தன், 'இது படைப்பிரிவா?'ன்னு கேட்டான். 'இல்லப்பா, இது குடும்பம்'னு சொல்லி வச்சிட்டேன்."

ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

மறுமுனையில் புஸ் புஸ் என்று மூச்சு.

"நா... நான் கர்னல் பேசறேன். முந்தாநாள் உங்ககிட்ட பெட்டி வாங்கினேனே..."

"சொல்லுங்க சார்! பெட்டி எப்படி இருக்கு?"

"உள்ள ஒரே இருட்டா இருக்கும்மா!"

"உள்ளயா...?"

"பெட்டிக்குள்ள இருந்துதான் செல்போன்ல பேசறேன்!"

ரிசீவர் நழுவியது. பெட்டிக்காரர் பாய்ந்து பிடித்தார்.

"சார்... உள்ள எப்படி சார் போனீங்க?"

"அடியில ஏதாவது முத்திரை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்க இறங்கினேன்யா. மூடி டமார்னு விழுந்து பூட்டிக்கிச்சு. வெளிய இருந்து வீட்டம்மா சாவி போட்டுத் திருகினா... சாவி பாதி உள்ளயே ஒடிஞ்சு போச்சு!"

ஒடியாமல் என்ன செய்யும்? துரு ஏறட்டும் என்று அந்தப் பூட்டை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டவரே இவர்தான்.

"மூச்சு விட முடியுதா சார்?"

"அதான் புழு அரிச்ச ஓட்டை நெறைய இருக்கே. அது வழியா காத்து வரும்ல..."

பெட்டிக்காரரின் முகம் வெளுத்தது.

அந்த ஓட்டைகளைப் போட்டது புழு இல்லை. அவர்தான். ட்ரில் மிஷினால்! கால் அங்குல ஆழம். ஒன்றுகூட மறுபக்கம் போகவில்லை. எல்லாம் சும்மா ஷோ!

"சார், உடனே உடைக்கச் சொல்லுங்க!"

"கூடாது!" கர்னல் அலறினார். "பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது! நீயே வந்து பக்குவமாத் திற..."

லைன் செத்துப்போனது. கர்னலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

ஸ்கூட்டர் சீறியது. பின்னால் டூல்ஸ் பையோடு மனைவி.

"பூட்டு இனிமே திறக்காதுடி. பின்பக்கம் கீலைக் கழட்டினாத்தான் உண்டு."

"கழட்டிட்டுப் போங்களேன்!"

"அதுல என்ன ஸ்க்ரூ போட்டிருக்கேன் தெரியுமா? ஸ்டார் ஸ்க்ரூ!"

"அடப்பாவி மனுஷா! கோடு போட்ட பழைய ஸ்க்ரூவைப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"மேல மெழுகும் துருவும் பூசி மறைச்சிருக்கேன். சுரண்டினா பல்லை இளிச்சிடும். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதுடி ஸ்டார் ஸ்க்ரூ?"

"பாத்துட்டா?"

"நாம உள்ள."

"கழட்டலைன்னா?"

"அவர் மேல!"

ஸ்கூட்டர் கர்னல் வீட்டு முன்னால் நின்றது.

வாசலிலேயே கைகளைப் பிசைந்துகொண்டு கர்னலின் மனைவி.

"சீக்கிரம் வாங்க! சார்கிட்ட இருந்து சத்தமே வரல!"

பெட்டிக்காரரின் மனைவி தன் கணவர் காதைக் கடித்தாள்.

"கட்டின புருஷனையா சார்ங்கறா?"

"பட்டாளத்துக் குடும்பம்டி. மரியாதை தெரிஞ்சவங்க. நீயும் கத்துக்க!"

ஹால் நடுவில் பெட்டி. தட்டினார். உள்ளேயிருந்து பதிலுக்கு ஒரு தட்டு... பலவீனமாய்.

மூலையில் ஒரு கோடரி சாத்தியிருந்தது.

"பேசாம ஒரே போடு போடுங்க!" மனைவி கிசுகிசுத்தாள். "பெட்டி சுக்குநூறாகட்டும். ஸ்க்ரூவும் தெரியாது, ஒண்ணும் தெரியாது!"

கோடரியை எடுத்தார். ஓங்கினார்.

கை அந்தரத்தில் நின்றது.

"பலகைக்கு அந்தப் பக்கம் அவர் தலை எங்க இருக்குன்னு யாருக்குடி தெரியும்? பெட்டியோட சேத்து அவரையும் பொளந்துட்டா?"

மறுபடி தட்டினார்.

பதில் இல்லை!

அவ்வளவுதான். கோடரியை வீசினார். ஸ்க்ரூ டிரைவரை உருவினார். ஜெயிலாவது ஒன்றாவது... உள்ளே ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது!

"அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. தொழில் ரகசியம்!"

மனைவி முந்தானையை விரித்துத் திரை பிடித்தாள். மெழுகு உதிர்ந்தது. துரு உதிர்ந்தது. பளிச்சென்று சிரித்தது ஸ்டார் ஸ்க்ரூ! ஒவ்வொன்றாய்க் கழற்றினார். கடைசி ஸ்க்ரூ உருண்டு ஓட... மூடியை நெம்பித் தள்ளினார்.

கர்னல் மூட்டையாய்ச் சுருண்டு கிடந்தார். கண்கள் மூடியிருந்தன.

"சார்... சார்!" பெட்டிக்காரர் அவர் கன்னத்தில் தட்டினார். அழுகையே வந்துவிட்டது. "கண்ணத் தொறங்க சார்! உங்களுக்கு அசல் பெட்டியே தர்றேன் சார்!"

பெரிய இருமல். நீண்ட மூச்சு. கர்னல் எழுந்து உட்கார்ந்தார். தரையில் கிடந்த ஸ்க்ரூவைக் கை நீட்டி எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ எடுத்தாச்சாம்மா?"

"அப்பவே எடுத்துட்டேன் சார்... முந்தானைக்கு மேல எக்கி!"

பெட்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் கர்னல் இல்லய்யா. மோசடிப் பிரிவு இன்ஸ்பெக்டர். இவங்க என் சம்சாரமும் இல்ல. சப்-இன்ஸ்பெக்டர்!"

"அப்ப... உள்ள மாட்டிக்கிட்டது நடிப்பா சார்?"

"நடிப்பா? செத்துப் பொழைச்சிருக்கேன்யா! ஆதாரம் தேடி இறங்கினேன், மூடி விழுந்துடுச்சு. உடைச்சா ஆதாரமும் போயிடும். அதான் கீறல் விழக் கூடாதுன்னேன்."

பெட்டிக்காரர் மூலையில் கிடந்த கோடரியை ஏக்கத்தோடு பார்த்தார்.

மனைவி பொரிந்தாள். "சொன்னேனே, கேட்டீங்களா? ஸ்டார் ஸ்க்ரூ போட்டுக் குடும்பத்தையே கவுத்துட்டீங்களே!"

"அம்மா..." இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார். "ஸ்க்ரூ இன்னிக்குத்தான் தெரியும். எவனோ புகார் குடுத்தானேன்னு இந்தப் பெட்டிய வாங்கினேன். பாத்தா அசல் மாதிரியே இருந்துச்சு. கேஸை மூடிடலாம்னுதான் இருந்தேன். ஆனா மூடி மேல இருக்கற படைப்பிரிவு நம்பர் கொஞ்சம் நீளமா இருக்கேன்னு, சும்மா போன்ல போட்டுப் பாத்தேன்."

"பாத்து...?"

"'இல்லப்பா, இது குடும்பம்'னு ஒரு அம்மா சொன்னாங்க!"

பெட்டிக்காரர் மெல்ல... மிக மெல்லத் திரும்பினார்.

"எந்த நம்பர்டி எழுதின?"

"திடீர்னு ஒரு நம்பர் எழுதுன்னா? ஞாபகத்துல இருக்கறதுதானே கையில வரும்!"

இன்ஸ்பெக்டர் பெட்டிக்காரரின் தோளில் கை வைத்தார்.

"ஸ்க்ரூ தெரிஞ்சா ஜெயில்னு தெரிஞ்சும் எனக்காகத் திறந்தே. உன்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்யா. அதனால..."

"அதனால சார்?" கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

"விலங்கை லூசா மாட்டச் சொல்றேன்!"

க்ளிக்!

பெட்டிக்காரர் மணிக்கட்டைத் தூக்கி, விலங்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

"என்ன சார், இப்படிப் பளபளன்னு இருக்கு? ரெண்டு நாள் குடுங்க... நூறு வருஷம் பழசாக்கித் தர்றேன்!"

"நம்பர் நான் எழுதறேன் சார்!" மனைவி முந்திக்கொண்டாள். "இந்தத் தடவை பக்கத்து வீட்டு நம்பர்!"