ஃபிதாவின் இலத்தாளம்

ஜோயல் ஒரு விசையைத் தட்டினான். கணினிக்குள் செண்டை முழங்கியது. அடுத்ததைத் தட்டினான். கொம்பு ஊதியது. மூன்றாவது, இலத்தாளம் என்ற வெண்கலத் தாளத்துக்கானது. அதைத் தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்துகள் கொட்டின. மேளம் கப்சிப்.

"அய்யோ, நான் ஒண்ணும் செய்யல!" என்று ஜோயல் கையைத் தூக்கினான்.

அவனுக்குத் தூக்க ஒரு கைதான் இருந்தது. மற்றது மாவுக்கட்டில் கிடந்தது. பள்ளி மேளக் குழுவின் செண்டைக்காரனான அவன் போன வாரம் சாம்பக்காய் மரத்திலிருந்து விழுந்துவிட்டான். ஆண்டுவிழாவில் ஒற்றைக் கையாலாவது வாசிக்கட்டும் என்றுதான் அவன் வகுப்புத் தோழி அனாமிகா இந்த 'மேளம்' நிரலை எழுதினாள். விழா மூன்று மணிக்கு. இப்போது ஒன்றரை.

கணினியை அணைத்துப் போட்டார்கள். அதே சிவப்பு. கணினி ஆசிரியர் சுகுணன் மாஷைப் போனில் அழைத்தார்கள். மைக் வயர் வாங்க ஒற்றப்பாலம் போயிருந்த மாஷின் செல்போன், பக்கத்து மேசை இழுப்பறைக்குள் பாடியது.

"பேசாம கஞ்சித் தட்டை எடுத்துத் தட்டிடறேன்" என்றான் ஜோயல்.

"சும்மா இருடா. என்ன எழுதியிருக்குன்னு படிக்கலாம்."

சிவப்பைக் கண்டதும் ஓடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அனாமிகா கடைசி வரி வரை பொறுமையாகப் படித்தாள். இலத்தாளம்: திறக்க அனுமதி இல்லை.

"இலத்தாளச் சத்தம் காணாம போகல. நம்மளைத் திறக்க விடல, அவ்வளவுதான்."

அந்தக் கோப்பின் விவரத்தைத் திறந்தாள். உரிமையாளர்: ஃபிதா. மற்றவர்கள்: அனுமதி இல்லை.

"அவ வேணும்னே பூட்டியிருக்கா!" ஜோயல் கொதித்தான்.

ஃபிதாவும் அனாமிகாவும் மூன்று நாளாகப் பேசுவதில்லை. மேளக் குழுவின் பின்னால் வெயிலில் அலைந்து ஒவ்வொரு சத்தத்தையும் பதிந்தவள் ஃபிதா. ஆனால் நிரலின் முகப்பில் அனாமிகாவின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஃபிதா கேட்டபோது, "சத்தம்தானே, யார் வேணா பிடிக்கலாம்" என்று அனாமிகா சொல்லிவிட்டாள்.

கணினிக்கு ஃபிதாவின் பெயர் ஞாபகம் இருக்கிறது. தனக்குத்தான் இல்லாமல் போயிற்று. அனாமிகாவுக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்து வகுப்பில் ஃபிதா, 'ஒப்பனா' என்ற கல்யாணப் பாட்டு நடனத்துக்காக இரண்டு கையிலும் ஈர மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஃபிதா, தப்பு என் மேலதான். உன் பேரைப் போடாதது ரொம்பத் தப்பு. இப்பவே போடறேன்."

ஃபிதா மருதாணியை ஊதிக்கொண்டே சொன்னாள்:

"நேத்து ரெண்டாம் கிளாஸ் வாண்டுங்க என் இலத்தாளத்து மேல ஆடு கத்தறதைப் பதிஞ்சுட்டாங்கடீ. மறுபடி பதிஞ்சு, யாரும் மாத்த முடியாம பூட்டினேன். அப்ப உன் மேல இருந்த கோபம் ஞாபகம் வந்துச்சு. யாரும் அந்தச் சத்தத்தைக் கேக்கவும் முடியாம சேத்துப் பூட்டிட்டேன்."

"அப்ப ஆடு?"

"அதைத் தனியா வச்சிருக்கேன். நல்லாத்தான் கத்துது."

அனாமிகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஃபிதாவுக்கும்தான்.

கணினி முன் புதுச் சிக்கல். ஃபிதாவின் பெயரில் நுழைந்தால்தான் பூட்டைத் திறக்க முடியும். அவள் கையிலோ மருதாணி.

"பாஸ்வேர்டைச் சொல்லு, நான் அடிக்கறேன்" என்றான் ஜோயல்.

"அதை யாராவது சொல்வாங்களா? ஒரு பென்சில் கொடு. ரெண்டு பேரும் சுவரைப் பாருங்க."

ஃபிதா பென்சிலை வாயில் கவ்வி, மரங்கொத்தி மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல அனாமிகா மாற்றினாள். மற்றவர்கள்: திறக்கலாம், மாற்றக் கூடாது.

ஜோயல் விசையைத் தட்டினான். ஜணங்!

மூன்று மணிக்கு அவனுடைய ஒற்றைக் கை மைதானத்தையே அதிர வைத்தது. மேளம் உச்சத்துக்கு ஏறி முடியும்போது பெரிய திரையில் எழுத்துகள் வந்தன.

ஒலி: ஃபிதா. நிரல்: அனாமிகா. ஆடு: இரண்டாம் வகுப்பு.

ஜோயல் கடைசி விசையைத் தட்டினான். "மே...!"

இரண்டாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சு மேல் ஏறிக் கூவியது. ஃபிதா தன் பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, சிவந்த கைகள் இன்னும் சிவக்கும்படி தட்டினாள்.