அனைத்தையும் ஏற்கிறேன்

மடிக்கணினித் திரையில் முதலில் வந்தது ஒரு மழைக்கோட்டு விளம்பரம். ஆண்கள் போடுவது, கறுப்பு, பெரிய அளவு. வனிதா அப்படி எதையும் தேடியதில்லை. மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்து மாடியறையின் தகரக் கூரையில் மழை விடாமல் இறங்கிக்கொண்டிருக்க, நனைந்த சுண்ணாம்பின் வாசமும் பூட்டிக்கிடந்த கீழ்வீட்டிலிருந்து கசிந்த பழைய எண்ணெய் வாசமும் அறைக்குள் கனத்து நின்றன. வீட்டுச் சொந்தக்காரர் பிச்சையம்மாள் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

அரிமளத்தில் புருஷன் ரெங்கராஜை விட்டு, இந்த மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியேறி ஒரு மாதம் ஆகிறது. போகிற இடத்தை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

அடுத்த பக்கத்தில் நைலான் கயிறு, பத்து மீட்டர். அதற்கடுத்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு அருகே தங்கும் அறைகள்.

தட்டச்சு வேலை கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர் ஆஃபியாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த மடிக்கணினியில் யாருடைய அக்கவுண்ட் இருக்கிறது என்று ஆஃபியா கேட்டாள். கல்யாணமான புதிதில் ரெங்கராஜ் போட்டுக் கொடுத்ததுதான். அவன் போனிலும் அதேதான்.

ஆஃபியா விளக்கினாள்.

"அக்கா, நீங்க போற ஒவ்வொரு பக்கமும் ஒங்க கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன சீட்டு போட்டு வச்சுரும். அதுதான் குக்கி. யாரு வந்தா, என்ன தேடுனான்னு விளம்பரக்காரங்க அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. அக்கவுண்டும் ஒண்ணா இருந்தா, ஒங்க ரெண்டு பேரையும் ஒரே ஆளா நெனச்சுக்கும். அவரு தேடுறது ஒங்களுக்கு வருது."

"அப்ப நான் தேடுனது?"

அதுவும் அவருக்குப் போயிருக்கும் என்றாள் ஆஃபியா. அக்கவுண்டை எடுத்துவிட்டு, குக்கியையெல்லாம் அழித்துவிட்டு, உடனே கிளம்பி சென்டருக்கு வரச் சொன்னாள்.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு, குக்கிக்குச் சம்மதம் கேட்டு ஓர் அறிவிப்பு வரும். அது தொலைந்தால் போதுமென்று 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை எத்தனை முறை அழுத்தியிருப்பாள். பெண்கள் தனியாகத் தங்க மாடியறை, திருக்கோகர்ணம். கதவுக்கு உள்தாழ்ப்பாள். தூக்கம் வராவிட்டால் என்ன செய்வது. அவள் பயந்து பயந்து தேடியதெல்லாம் விளம்பரமாகி, ஒரு மாதமாக அவன் உள்ளங்கையில் வந்து விழுந்திருக்கிறது.

திரை ஒருமுறை சிமிட்டியது. புது விளம்பரம். திருக்கோகர்ணத்தில் ஆட்டோ, இரண்டே நிமிடத்தில்.

எல்லாவற்றையும் அழித்தாள். அக்கவுண்ட் போனது. குக்கிகள் போயின. பக்கம் துடைத்துவிட்டதுபோல வெளுத்தது. யாருக்கும் வரக்கூடிய ஒரு சோப்பு விளம்பரம் மட்டும் வந்து நின்றது. வனிதா மூச்சை விட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. அவன் எங்கே வந்திருக்கிறான் என்பது இனி அவளுக்குத் தெரியாது.

கரண்ட் போனது. மின்விசிறி தேய்ந்து தேய்ந்து நின்றது. ஆஃபியாவைக் கூப்பிடப் போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. படியில் யாராவது ஏறினால்கூட இந்த மழையில் கேட்காது. பையை எடுத்தாள். செருப்பைத் தேடவில்லை. உள்தாழ்ப்பாளை நீக்கினாள். இழுத்தாள்.

கதவு வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வெளியே இரும்பு இரும்பில் உரசியது. வெளித்தாழ்ப்பாள். போட்டிருந்தது.

யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. மழை மட்டும்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் வெளிச்சம். அதில் இரண்டு பாதங்களின் இருட்டு. அசையவில்லை. பிறகு ஒரு முழங்கால் இறங்கியது. ஓர் உள்ளங்கை. அதன் பக்கத்தில், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு கன்னம் தரையோடு படிந்தது.

கண் திறந்தது. கட்டில் காலைப் பார்த்தது. மேசைக் காலைப் பார்த்தது. மெல்ல நகர்ந்து, அவளுடைய வெறும் பாதங்களுக்கு வந்து, அங்கேயே நின்றது.